ஐம்பத்து மூன்று லிட்டர் தண்ணீர்

1

போன வாரம் பள்ளி அலுவலகத்திலிருந்து இந்த ஆண்டுக்கான ஆசிரியர் பட்டியல் வந்தது. என் பெயருக்கு நேராக ‘உணவும் ஊட்டச்சத்தும்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. போன வருடப் பட்டியலில் அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொரு சொல் இருந்தது. தமிழில் சொன்னால், ‘இத்துறைப் பயிற்சி இல்லாதவர்’. ஒரு வருடம் அந்த அடைப்புக்குறியோடு வாழ்ந்தேன். ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் எனக்கு அது சட்டைக்காலரில் குத்தும் நூல் மாதிரி எப்போதும் உறுத்திக்கொண்டே இருந்தது.

இப்போது அதை எடுத்துவிட்டார்கள். அந்தோணியிடம் காட்டினேன். அந்தோணி என் கணவர், இங்கே அரசு மருத்துவமனையில் செவிலியர். “அப்போ இனிமே வூட்லயும் நீயே சமைக்கலாம்” என்றார். சிரித்தோம். பிறகு அன்று முழுக்க எனக்கு அம்மா ஞாபகமாகவே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். சேலத்தில் வேதியியல் படித்தேன். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பேருந்தில் உட்கார்ந்துதான் பாதிப் பாடம் படித்தது. கல்யாணமாகி இங்கிலாந்து வந்து பதிமூன்று வருடம் ஆகிறது. ஆலைகள் மூடிப்போன, வடக்கே இருக்கிற ஒரு சின்ன ஊர். இங்கே மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை, அதுவும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்.

இரண்டு வருடம் முன்பு கோடை விடுமுறை தொடங்குகிற வாரத்தில் தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். அவர் பெயர் திருமதி ஹார்ட்லி. சமையல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார், விளம்பரம் கொடுத்தும் ஆள் வரவில்லை, அறிவியலில் எனக்கு அடுத்த வருடம் போதிய வகுப்புகள் இல்லை. இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, மேசை மேல் கையைக் கோத்துக்கொண்டு, “நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர். சமையல் உங்களுக்குத் தானாகவே வருமே?” என்றார்.

எங்கள் வீட்டில் சமைப்பது அந்தோணி. எனக்குத் தெரிந்தது சோறு, ரசம், முட்டைப் பொரியல். சமையலறைக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை அந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? வேலை வேண்டும். “செய்கிறேன்” என்றேன்.

அடுத்த வருடம் முழுவதும் அந்தப் பாடத்தைத் தற்காலிக ஆட்களை வைத்து ஓட்டினார்கள். நான் அவர்களுக்கு உதவியாக நின்றேன். அதன் முடிவில்தான் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

2

பயிற்சி மூன்று வெள்ளிக்கிழமைகள். பட்டியலிலிருந்து அந்த அடைப்புக்குறி போக, அதற்குமேல் ஒரு வருடம் பாடமும் நடத்தியிருக்க வேண்டும். பக்கத்து நகரத்தில் ஒரு கல்லூரியின் சமையல் கூடம். அதற்கு முன்பே கணினியில் உணவுச் சுகாதாரத் தேர்வு ஒன்று எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பிறகு ஒரு படிவம். உங்களுக்கு ஒவ்வாத உணவு எது, தொற்று நோய் உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கேள்வி: உணவு தயாரிப்பதில் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ முன் அனுபவம் உண்டா?

அந்தக் கட்டத்துக்கு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ‘இல்லை’ என்று எழுதினேன்.

அது பொய். என் அம்மா லூர்து மேரி எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். முதலில் உதவியாளர், பிறகு சமையலர். தினமும் நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அவளுடைய புடவையில் விறகுப் புகையும் பருப்பு வெந்த வாசனையும்தான்.

வகுப்பில் எட்டுப் பேர். எல்லோரும் என்னைப் போல வேறு பாடத்திலிருந்து தள்ளிவிடப்பட்டவர்கள். என் மேசைப் பங்காளி சைமன், விளையாட்டு ஆசிரியர். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நான் அதையும் சொல்லவில்லை. சேலை கட்டாவிட்டாலும் என் நிறத்தைப் பார்த்தவுடனேயே எல்லோரும் என்னைப் பெரிய சமையல்காரி என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

பயிற்றுநர் ஜானெட்டுக்கு அறுபது வயதிருக்கும். பள்ளிகளில் முப்பது வருடம் சமையல் சொல்லிக்கொடுத்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் பாடம் கத்தி. விரல்களைப் பாலம் போல வளைத்து, அதற்கடியில் கத்தியை விட்டு வெட்டுவது ஒன்று. நகங்களை உள்ளே மடக்கிப் புலிக்கால் மாதிரி வைத்துக்கொண்டு நறுக்குவது இன்னொன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தர வேண்டுமாம்.

நம் ஊரில் அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய்தான் அசையும். என் கைக்குத் தெரிந்த ஒரே முறை அது. வீட்டில் எனக்கு வேண்டியதையெல்லாம் அந்தோணிதான் நறுக்கித் தருவார். இரண்டாவது வெங்காயத்திலேயே இடது சுட்டுவிரலை வெட்டிக்கொண்டேன். ஜானெட் ஓடிவந்து பிளாஸ்திரி ஒட்டினார். நல்ல நீல நிறம். சாப்பாட்டில் நீல நிறம் எதிலும் இருக்காது, அதனால் கழன்று விழுந்தாலும் உடனே கண்ணில் படும் என்றார். மீதி நாள் முழுக்க அந்த நீல விரலை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சமையல்காரி என்ற பேச்சு அதோடு நின்றது.

மதியம் இன்னொரு கூத்து. பாத்திரம் கழுவும் முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது போலச் சொல்லிக்காட்டச் சொன்னார் ஜானெட். நான் எழுந்து நின்று, நம் ஊர் இங்கிலீஷில், “எல்லோரும் அவரவர் வெசல்ஸைக் கழுவுங்கள்” என்றேன். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நம் ஊரில் வெசல் என்றால் பாத்திரம். இங்கே வெசல் என்றால் கப்பல். சைமன் ஒரு கையை நெற்றியில் வைத்துக் கடற்படைக்காரர் மாதிரி சல்யூட் அடித்தார். கெட்ட மனிதரில்லை. நானும் சிரித்தேன். ஆனால் கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது.

இரண்டாவது வெள்ளி ஊட்டச்சத்துப் பாடம். ஜானெட் முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றப் போனவர், பாதியில் நிறுத்தி எங்களைப் பார்த்தார். “நான் இப்போது கொட்டப்போவது என்ன, தெரியுமா? பாதி வைட்டமின். அளவாகத் தண்ணீர் வைத்திருந்தால் கொட்டவே வேண்டியிருக்காது.”

இதே வாக்கியத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில், அம்மா வாயால்.

3

நான் ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது. சத்துணவு ஊழியர்களுக்கெல்லாம் தருமபுரியில் ஒருநாள் பயிற்சி என்று உத்தரவு வந்தது. அம்மா இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு காலைப் பேருந்தில் போனாள். அதுவரைக்கும் அவளை யாரும் எதற்கும் பயிற்சிக்குக் கூப்பிட்டதில்லை. மூன்றாவதோடு படிப்பு நின்றுபோனவள். எண்கள் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் முகம் முழுக்க வெளிச்சம். பைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். அங்கே டீயோடு கொடுத்ததாம், அவள் தின்னவில்லை.

“பாப்பா, சோத்துல கஞ்சி வடிக்கவே கூடாதாம். சத்தெல்லாம் கஞ்சியோட போயிருதாம். அளவாத் தண்ணி வெச்சு அப்பிடியே வேக உடணுமாம். இத்தன வருசமா நாம சத்தக் கீழ ஊத்திட்டு சக்கையத் தின்னுருக்கோம், பாரேன்.”

“உங்கிட்ட ஏதாச்சும் கேட்டாங்களாம்மா?”

“கேட்டாரு அந்த ஆபீசரு. பத்து கிலோ அரிசிக்கு எவ்ளோ தண்ணி வெப்பீங்கன்னாரு. நான் எந்திரிச்சு, அரிசிக்கு மேல கைய வெச்சா ரெண்டு வெரக்கட நிக்கணுங்க சார்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. லிட்டர்ல சொல்லுங்கம்மான்னாரு.” அவளும் சிரித்தாள். பிறகு இடுப்பிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். “இதுல போட்டுருக்குது. ஆனா அம்பது பேருக்கும் நூறு பேருக்கும்தான் கணக்கு இருக்குது. நம்ம பள்ளிக்கூடத்துல நூத்தி நாப்பது. நீ போட்டுக் குடு.”

நூறு பேருக்குப் பத்து கிலோ அரிசி, இருபத்தைந்து லிட்டர் தண்ணீர். நூற்று நாற்பது பேருக்குப் பதினான்கு கிலோ, முப்பத்தைந்து லிட்டர். அரை நிமிடக் கணக்கு.

அந்த அரை நிமிடத்தைக்கூட நான் மனசோடு கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் பையன்கள் என்னை ‘சத்துணவாயா பொண்ணு’ என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா ‘ஆயா’தான். தட்டை நீட்டும்போது அவள் எனக்கு மட்டும் ஒரு கரண்டி சேர்த்துப் போடுவாள், “நல்லாத் தின்னு கண்ணு” என்பாள், பின்னால் நிற்கிறவர்கள் அதை அப்படியே பேசிக்காட்டுவார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். “இனிமே பள்ளிக்கூடத்துல எங்கூடப் பேசாத. என்னத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத.” அவள் என்னைப் பார்த்தாள். “சரி பாப்பா” என்றாள். அதன்பிறகு சொன்னபடியே நடந்துகொண்டாள். நானும் வரிசையில் நிற்கும்போது மற்றவர்களைப் போல அவளை “ஆயா” என்றே கூப்பிட்டேன்.

அம்மா பயிற்சியிலிருந்து வந்த அன்று சாயங்காலம் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கட்டம் போட்டு, ‘140 பேர், அரிசி 14 கிலோ, தண்ணீர் 53 லிட்டர்’ என்று எழுதிக் கொடுத்தேன். எண்களை இடம் மாற்றி எழுதுகிற கோளாறு எனக்கு உண்டு. பரீட்சையில் இரண்டு முறை சரிபார்ப்பேன். அம்மாவுக்கு எழுதிய தாளைச் சரிபார்க்கவில்லை.

அந்த நேரத்தில் அம்மாவை உதவியாளரிலிருந்து சமையலர் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. பழைய சமையலர் ஓய்வு பெறப் போகிறார். பயிற்சி கொடுத்த அதே அதிகாரி அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தார். கற்றுக்கொடுத்தபடி ஆக்குகிறார்களா என்று பார்க்க. அன்றைக்கு உலை வைக்கும் பொறுப்பை அம்மாவிடம் கொடுத்தார்கள்.

எங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து சத்துணவுக் கூடம் தெரியும். மதிய மணி அடித்தபோது சத்தம் கேட்டது. அண்டாவில் சோறு இல்லை. கூழுக்கும் கஞ்சிக்கும் நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது. அதிகாரி கரண்டியால் அள்ளி அள்ளி ஊற்றிக்காட்டிக் கத்தினார். “எழுதிக் குடுத்தும் தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? படிக்காதவங்கள வெச்சிக்கிட்டு உசுர எடுக்கறாங்க.” தலைமை ஆசிரியர், வாத்தியார்கள், நூற்று நாற்பது பிள்ளைகள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு தலை குனிந்து நின்றாள்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எண்ணைக் கண்ணுக்குள் பார்த்தேன். ஐந்தும் மூன்றும். எழுந்து போய், “சார், எழுதுனது நான்” என்று சொல்லியிருக்கலாம். இருபது அடி தூரம். நான் போகவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அம்மா எனக்கு ஊற்றினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, நான்தான் பார்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே.

சமையலர் வேலை வேறொருவருக்குப் போனது. அம்மாவுக்கு அது கிடைக்க அப்புறம் மூன்று வருடம் ஆனது. வீட்டில் அந்தத் தாளைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்குக் கணக்குப் போடத் தெரியாது, அதனால் தவறு யாருடையது என்று அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாக இருந்தது. சமையலறைக்குள் போனாலே அந்த அண்டா தெரியும். அதிலிருந்து தப்பிக்கத்தான் வேதியியல், சேலம், கடல் தாண்டிய வேலை எல்லாம் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் முழுப் பொய்யும் இல்லை.

ஜானெட் அந்த முட்டைக்கோஸ் தண்ணீரைத் தொட்டியில் கொட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சூப்புக்கு ஆகும் என்று மூடி வைத்தார். நான் கை கழுவப் போவது போலப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் நின்றேன்.

4

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. முதல் அட்டவணை கையில் கிடைத்தபோதுதான் பார்த்தேன், என் முதல் வகுப்பு எட்டாம் ஆண்டு, இரண்டாவது பிரிவு. என் மகள் ரீனா படிக்கிற பிரிவு.

ரீனாவுக்கு இங்கே வரும்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. தமிழ் புரியும். பேசினால் வெளிநாட்டுக்காரி பேசுகிற மாதிரி இருக்கும். வேண்டுமென்றால்தான் பேசுவாள். அன்று காலை ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“அம்மா, கிளாஸ்ல நீ எங்கிட்டத் தமிழ்ல பேசாத, ப்ளீஸ். கண்ணு, செல்லம், அதெல்லாம் வேண்டாம். நான் உன்ன மிஸ்னு கூப்பிடுவேன். ஓகே?”

அந்தோணி அடுப்பிலிருந்து திரும்பி, “ஏண்டி, அவ உங்கம்மாடி” என்று ஆரம்பித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். “சரி” என்றேன். குரல் எப்படியோ சாதாரணமாக வந்துவிட்டது. அவளிடம் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவளாவது ப்ளீஸ் என்றாள். நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

பாடம் ஸ்கோன். நம் பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு சாதி. மாவில் வெண்ணெயை விரலால் உதிர்த்துப் பிசிறி, பால் விட்டுச் சேர்த்து, வட்டமாக வெட்டி அடுப்பில் வைக்க வேண்டும். மூன்று நாள் வீட்டில் செய்து பழகினேன். முதல் நாள் செய்தது கல். இரண்டாம் நாள் செய்ததை ரீனா ஒன்று தின்றாள். மூன்றாம் நாள் அவளே பாலை அளந்து ஊற்றினாள். நூற்றைம்பது மில்லி.

இருபத்து நான்கு பிள்ளைகள், ஆறு மேசை. திருமதி ஹார்ட்லி கடைசியில் ஒரு முக்காலியில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார், பயிற்சி இல்லாத ஆசிரியரின் முதல் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுத. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ‘வெசல்’ என்ற சொல்லை மட்டும் வாயிலிருந்து விரட்டிவிட்டேன். பலகையில் அளவுகளை எழுதினேன். மாவு 250 கிராம். வெண்ணெய் 50. பால் 510.

பிள்ளைகள் டீச்சர் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். குடுவைகளில் பால் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். நான் முதல் மேசையில் ஒரு பையனுக்கு விரல்களை எப்படி மடக்குவது என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

“மிஸ்.”

ரீனா கையைத் தூக்கியிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

“மிஸ், பால் தப்பா எழுதியிருக்கீங்க. நூற்றைம்பது. நீங்கள் எழுதினதை ஊற்றினால் எல்லாம் கஞ்சியாகிவிடும்.”

இங்கிலீஷில்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் ‘கஞ்சி’ என்றே சொன்னாள். அதற்கு இங்கிலீஷ் அவளுக்கு அந்த நேரத்தில் வரவில்லை போலிருக்கிறது. பின்பெஞ்சில் ஒருத்தி “கஞ்சி, கஞ்சி” என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். ரீனா திரும்பி அவளை முறைத்தாள். கையைக் கீழே இறக்கவில்லை.

நான் பலகையைப் பார்த்தேன். ஐந்து, ஒன்று, பூஜ்யம். தலைமை ஆசிரியையின் பேனா நின்றிருந்தது.

“ரீனா சொல்வது சரி. நான் எண்ணை மாற்றி எழுதிவிட்டேன். எல்லோரும் நிறுத்துங்கள். ஊற்றிய பாலை ஜாடியில் திருப்பி விடுங்கள்” என்றேன். அழித்துச் சரியாக எழுதினேன். “நன்றி, ரீனா.”

அவ்வளவுதான் நடந்தது. வகுப்பு தொடர்ந்தது. ஸ்கோன்கள் சிலது உயர்ந்தன, சிலது சாய்ந்தன, எல்லாமே தின்னும்படி இருந்தன. கடைசியில் திருமதி ஹார்ட்லி குறிப்பைக் காட்டினார். ‘தவறை மாணவர் சுட்டிக்காட்டும் சூழல் வகுப்பில் இருக்கிறது. ஆசிரியர் உடனே ஏற்றுக்கொண்டார்’ என்று எழுதியிருந்தார், நல்ல அம்சங்கள் என்ற தலைப்புக்குக் கீழே. நான் சாமான் அறைக்குப் போய் மாவு டப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு அழுதேன். அவமானத்தில் இல்லை. அந்தப் பெண் கையைத் தூக்க எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம்கூட இல்லை. எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் கை எழும்பவில்லை.

5

அந்தச் சனிக்கிழமை காலை அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் இப்போது தம்பியோடு நல்லம்பள்ளியில் இருக்கிறாள். அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். செல்போனைக் காதுக்கு மிக அருகில் வைத்துக்கொள்வாள், திரையில் எனக்கு எப்போதும் அவளுடைய தோடு மட்டும்தான் தெரியும்.

முதலில் ரீனா கதையைச் சொன்னேன். எல்லார் முன்னாலும் அவள் கை தூக்கியதைக் கேட்டு அம்மா கெக்கெக்கென்று சிரித்தாள்.

“டீச்சரயே நிறுத்திப்புட்டாளா? நல்ல புள்ள. நீ அவளத் திட்டிப்புட்டியா?”

“இல்லம்மா. தேங்க்ஸ்னு சொன்னேன்.”

“அதான் சரி.”

“ம்மா. அன்னிக்கு ஒரு ஆபீசர் வந்தாரே, சோறு கொழஞ்சு போச்சே. ஞாபகமிருக்குதா?”

“ம்.”

“அந்தச் சீட்டுல நாந்தான் தப்பா எழுதிட்டேன். முப்பத்தஞ்ச அம்பத்தி மூணுன்னு போட்டுட்டேன். உம்மேல தப்பே இல்ல. இத்தன நாளா உங்கிட்டச் சொல்லல.”

பின்னால் தெருவில் காய்கறி வண்டி ஒலிபெருக்கி போய்க்கொண்டிருந்தது.

“தெரியும் பாப்பா” என்றாள்.

“எப்பத் தெரியும்?”

“நாலாவது பக்கெட்டு ஊத்தறப்பவே தெரியும். பதினாலு கிலோவுக்கு அவ்ளோ தண்ணி யாராச்சும் வெப்பாங்களா? சோறு ஆக்கறவளுக்குத் தெரியாதா?”

“அப்பறம் ஏம்மா ஊத்துன?”

“அவரு பக்கத்துலயே நின்னாரு. சீட்டப் பாத்து ஊத்துங்க, கையெல்லாம் வெச்சுப் பாக்காதீங்கன்னாரு. அதோட, அவரு வந்து எறங்குனதுமே நான் பெருமையாச் சொல்லிப்புட்டேன். இது எம் பொண்ணு போட்ட கணக்குங்க சார், இங்கதான் ஒம்பதாவது படிக்கறா, கணக்குல கெட்டின்னு. பாதில நிறுத்துனா ஏன் நிறுத்தறன்னு கேப்பாரு. சீட்டு தப்புன்னு சொன்னா உன்னக் கிளாஸ்ல இருந்து கூட்டியாரச் சொல்லுவாரு. அத்தன பேரு முன்னாடி உன்ன நிக்க வெச்சு…” நிறுத்தினாள். “நீதான் பள்ளிக்கூடத்துல எங்கூடப் பேச வேண்டாம்னு சொல்லியிருந்தியே. நான் எப்பிடி உன்னக் கூப்புடறது?”

மன்னிப்பு என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் அம்மாவிடம் சொல்வதில்லை, அதற்கு வாய் பழகவும் இல்லை. “சாரிம்மா” என்றேன். அது இங்கிலீஷாக இருந்ததால்தான் வந்தது.

“அழுவறியா? ஏ, சும்மா இரு. அன்னிக்கு அவரு போனதும் அதுல உப்புப் போட்டு, சாம்பாரயும் ஊத்திக் கலக்கி எல்லாத்துக்கும் ஊத்துனேன். ஒரு புள்ளயும் வேண்டாம்னு போவல. அண்டா காலி.” தோடு அசைந்தது. முகத்தைத் திரைக்கு நேராகக் கொண்டுவந்து என்னைப் பார்த்தாள். “அடுத்த வாரம் என்னா ஆக்கறீங்க, உங்க பள்ளிக்கூடத்துல?”

“சூப்பும்மா. காய்கறி சூப்.”

“எத்தன பேருக்கு?”

“இருபத்தி நாலு.”

“இருவத்தி நாலா? அதுக்கா மூணு நாளு ட்ரெய்னிங் குடுத்தாங்க?” மறுபடி சிரித்தாள். “நீ ஒருத்தியேவா ஆக்குவ?”

“இல்லம்மா. பசங்கதான் ஆக்குவாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்குவேன்.”

“பாத்துக்கிட்டுச் சும்மா நிக்காத பாப்பா” என்றாள் அம்மா. “தண்ணி அதிகமாப் போவுதுன்னு தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லிரு. எழுதிக் குடுத்தது யாரா இருந்தா என்ன, பெரிய ஆபீசரே எதுக்க நின்னா என்ன. சொல்லிரணும். நான்தான் அன்னிக்குச் சொல்லாம உட்டுட்டேன்.”